கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கிறது? தொழிலிடப் பாதுகாப்புத் தேர்வுகளின் வினா மொழி: ஒரு விமர்சனப் பார்வை



பேராக் தோட்டப்புறங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலர் எஸ்.பி.எம். முடித்ததும் கைத்தொழில் பக்கம் போகிறார்கள். ஒருவர் 1969-இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் சேர்கிறார், இன்னொருவர் ஐ.எல்.பி.யில் வெல்டிங் படிக்கிறார். மற்றொருவர் கட்டுமானத் தளத்தில் கால் வைப்பதற்காக சி.ஐ.டி.பி. பச்சை அட்டைப் பயிற்சிக்குப் போகிறார். வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்து, பாதுகாப்பு அதிகாரி ஆகலாம் என்று நியோஷ் நடத்தும் தேர்வுக்கு உட்காருபவரும் உண்டு. இவர்கள் எல்லாரும் சந்திக்கும் ஒரு பாடம் தொழிலிடப் பாதுகாப்பும் சுகாதாரமும்.

"அது ஈசிதான் சார், காமன்சென்ஸ்தானே!" என்று பிள்ளைகள் சொல்வார்கள். தாள் கையில் வந்த பிறகுதான் திணறல். விஷயம் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பது பிடிபடாது. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

"கேள்வியை நல்லாப் படி" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவது குறைவு. 'முக்கியச் சொல்லைப் பிடி, பட்டியலைக் கொட்டு' என்பதே பல டியூஷன் நோட்டுகளின் வழி. அந்த வழியில் உள்ள கோளாறையும், வினா தயாரிப்பவர்கள் பக்கம் உள்ள கோளாறையும் சேர்த்தே இங்கே பார்ப்போம். கீழே வரும் மாதிரி வினாக்கள் இந்தக் கட்டுரைக்காக எழுதியவை. எந்தத் தேர்வுத் தாளிலிருந்தும் எடுத்தவை அல்ல.

1. ஹஸாட் வேறு, ரிசிக்கோ வேறு

முதல் மாதிரி வினா:

*செம்பனைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளி நீண்ட அலுமினியக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கிறார். மரவரிசைக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது. (அ) ஹஸாட் இரண்டைக் குறிப்பிடுக. (ஆ) அவற்றில் ஒன்றின் ரிசிக்கோவை மதிப்பிடுக.*

நம் பிள்ளைகள் (அ)வுக்கு "கரண்ட் அடிக்கும், குலை தலையில் விழும்" என்று எழுதுவார்கள். (ஆ)வுக்கும் அதையே கொஞ்சம் நீட்டி எழுதுவார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் குறையும்.

ஹஸாட் என்பது கேடு விளைவிக்கும் திறன் உள்ள பொருள் அல்லது நிலைமை. இந்த வினாவில் மின்னோட்டம் உள்ள கம்பி ஒரு ஹஸாட். உயரத்தில் இருக்கும் கனமான குலை இன்னொன்று, கூரான அரிவாள் மற்றொன்று. 'கரண்ட் அடிப்பது' ஒரு நிகழ்ச்சி. அது ஹஸாட்டால் வரக்கூடிய விளைவு.

ரிசிக்கோ என்பது அந்தக் கேடு நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு கடுமை என்ற இரண்டும் சேர்ந்தது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008-இல் வெளியிட்ட ஹிராக் வழிகாட்டியில் இரண்டுக்கும் 1 முதல் 5 வரை அளவு உண்டு. இரண்டையும் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வரை வந்தால் உயர் ரிசிக்கோ, 5 முதல் 12 வரை நடுத்தரம், 4-உம் அதற்குக் கீழும் குறைவு.

இப்போது (ஆ)வைப் பாருங்கள். மின்கம்பி பட்டால் உயிர் போகலாம். அதனால் கடுமை 4. கம்பி மரவரிசைக்கு நேர் மேலே போகிறது, தினமும் அதன் கீழேதான் அறுவடை என்றால் வாய்ப்பு 4 என்று வைக்கலாம். 4 பெருக்கல் 4, 16. உயர் ரிசிக்கோ. அதே கம்பி தோட்டத்தின் ஓரத்தில் போகிறது, அங்கே வேலை அபூர்வம் என்றால் வாய்ப்பு 2. மதிப்பு 8, நடுத்தரம். ஹஸாட் மாறவில்லை, ரிசிக்கோ மாறிவிட்டது. இந்த ஒரு கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டினால் அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

இங்கே நம் மொழிப் பழக்கமும் காலை வாருகிறது. வீட்டில் எல்லாவற்றுக்கும் "ஆபத்து" என்ற ஒரே சொல்தான். பாம்பும் ஆபத்து, வழுக்கும் மேடும் ஆபத்து, அடிபடுவதும் ஆபத்து. பேச்சுக்கு அது போதும், தேர்வுக்குப் போதாது. நோட்டுகளிலும் ஹஸாட்டுக்கு ஒரு பக்கம் 'அபாயம்', ரிசிக்கோவுக்கு மறு பக்கம் அதே 'அபாயம்' என்று எழுதுவதைப் பார்க்கலாம். ஹஸாட்டை 'ஆபத்து மூலம்' என்றும் ரிசிக்கோவை 'ஆபத்து அளவு' என்றும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். வேறு நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் மட்டும் வேண்டாம்.

2. வினைச்சொல் எவ்வளவு எழுதச் சொல்கிறது

தேசிய மொழியில் வரும் கட்டளைச் சொற்களை ஏணிப் படிகள் மாதிரி பாருங்கள். 'செனராய்க்கான்' என்றால் பட்டியல் போதும். 'ஞாத்தாக்கான்' என்றால் சுருக்கமாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். 'தெராங்கான்' வந்தால் காரணமும் விளக்கமும் வேண்டும். 'ஹுராய்க்கான்' வந்தால் இன்னும் விரிவாக, கூறு கூறாகப் பிரித்து எழுத வேண்டும். 'பெஸாக்கான்' வந்தால் வேறுபாடு. இரண்டு பக்கத்தையும் தொட்டு எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான்.

இது மலாய்த் தேர்வுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. எண்ணெய், எரிவாயுத் துறைக்குப் போகும் நம் பிள்ளைகள் எழுதும் பிரிட்டனின் நெபோஷ் தேர்விலும் கட்டளைச் சொற்களுக்குத் தனி விளக்கமே உண்டு. அங்கே 'ஐடென்டிஃபை' கேட்டால் பெயரைச் சொன்னால் போதும். 'அவுட்லைன்' முக்கிய அம்சங்களைக் கேட்கிறது. 'எக்ஸ்ப்ளேய்ன்' வந்தால் புரிய வைக்க வேண்டும்.

ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் சும்மா "ஆசிட்" என்போமே, அதுதான்.

*அமிலத்தைக் கையாளும்போது மேற்கொள்ள வேண்டிய நான்கு கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுக. (4 புள்ளிகள்)*

*அமிலத்தைக் கையாளும்போது மேற்கொள்ள வேண்டிய இரண்டு கட்டுப்பாடுகளை விளக்குக. (4 புள்ளிகள்)*

முதல் வினாவுக்கு நான்கு வரி போதும். இரண்டாவதற்கு இரண்டு கட்டுப்பாடு, ஒவ்வொன்றுக்கும் காரணம். "அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஏனென்றால் செறிந்த அமிலத்தில் தண்ணீர் விழுந்தால் சூடு கிளம்பித் தெறிக்கலாம்." இப்படி எழுதினால் இரண்டு புள்ளி.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. விளக்கச் சொன்ன வினாவுக்கு எழுதிய விடையில் 'ஏனென்றால்' அல்லது 'அதனால்' என்ற பொருள் வருகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது விளக்கம் ஆகாது, நீட்டி எழுதிய பட்டியல்தான்.

நேரத்தையும் கவனியுங்கள். பட்டியல் கேட்ட இடத்தில் அரைப் பக்கம் எழுதுவதும் நஷ்டமே. அந்த நேரம் கடைசிக் கேள்விக்குப் போக வேண்டியது.

3. சின்னச் சொல், பெரிய வித்தியாசம்

கொள்குறி வினாக்களில் கவிழ்ப்பது பெரும்பாலும் எண்ணும் அதை ஒட்டிய சின்னச் சொல்லும்தான்.

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் (சட்டம் 514) 30-ஆம் பிரிவின்படி 40 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். விடைத் தெரிவுகளில் '40 பேருக்கு மேல்' என்று ஒன்றும் '40 பேரும் அதற்கு மேலும்' என்று ஒன்றும் இருந்தால்? சரியாக 40 பேர் இருக்கும் பட்டறையை நினைத்துப் பாருங்கள். முதல் தெரிவு அந்தப் பட்டறையை வெளியே தள்ளிவிடும். அதே மாதிரி 29ஏ பிரிவு: 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, தனியாகப் பாதுகாப்பு அதிகாரி வைக்கும் கட்டாயம் இல்லாவிட்டால், ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும்.

விபத்து அறிவிப்பு விதிகளில் 'நான்கு நாள்காட்டி நாள்களுக்கு மேல்' வேலை செய்ய முடியாமல் போவது என்று வரும். நாள்காட்டி நாள் என்றால் சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். 'வேலை நாள்' என்று மாற்றிக் கொடுத்த தெரிவு தவறு.

இன்னொரு சொற்றொடர், 'நடைமுறைக்கு இயன்ற வரை'. ஆங்கிலத்தில் 'சோ ஃபார் ஏஸ் இஸ் பிராக்டிகபல்'. "முடிஞ்சா செய், முடியாட்டி விடு" என்று நம் பிள்ளைகள் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது தவறு. சட்டத்தின் 3-ஆம் பிரிவு நான்கு அளவுகோல் தருகிறது: ஹஸாட் அல்லது ரிசிக்கோ எவ்வளவு கடுமையானது, அதைப் பற்றியும் அதை நீக்கும் வழி பற்றியும் என்ன அறிவு உள்ளது, அந்த வழி கிடைக்கிறதா, பொருந்துகிறதா, செலவு எவ்வளவு. செலவு நான்கில் ஒன்று மட்டுமே, அதுவும் கடைசியில் நிற்கிறது. 'காசு இல்லை என்று முதலாளி சொன்னால் போதுமா?' என்ற வகையில் ஒரு சூழல் வினா வந்தால் இந்த நான்கையும் வைத்துத்தான் விடை எழுத வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ரீசனப்ளி' என்ற சொல்லும் சேர்ந்து வரும். நம் சட்டத்தின் சொற்றொடரில் அது இல்லை. இணையத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் நோட்டை அப்படியே மனனம் செய்தால் இரண்டு நாட்டுச் சட்டமும் கலந்துவிடும்.

பழைய நோட்டுகளிலும் கவனம் தேவை. 2022-இல் நிறைவேறிய திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதே நாளில் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ரத்தானது. 15-ஆம் பிரிவுக் கடமையை மீறும் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. அண்ணன் விட்டுச் சென்ற நோட்டில் பழைய எண்தான் இருக்கும்.

4. யார் செய்ய வேண்டும்?

மேலே சொன்ன மூன்றையும் ஓரளவுக்கு எல்லா ஆசிரியரும் தொடுகிறோம். நாலாவதை விட்டுவிடுகிறோம். வினாவின் எழுவாய் யார் என்று பார்ப்பதுதான் அது.

*களைக்கொல்லி தெளிக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்பை முதலாளி எவ்வாறு உறுதி செய்யலாம்? மிகவும் பயனுள்ள கட்டுப்பாட்டிலிருந்து தொடங்கி விளக்குக.*

நம் வகுப்புகளில் இதற்கு முதலில் வரும் விடை: "முகக்கவசம், கையுறை, பூட்ஸ் போட வேண்டும். கவனமாக வேலை செய்ய வேண்டும்." கேள்வி முதலாளியைப் பற்றிக் கேட்கிறது, விடை தொழிலாளிக்குப் புத்தி சொல்கிறது! வரிசையும் தலைகீழ். கட்டுப்பாட்டுப் படிநிலையில் முதலில் நீக்குதல், அடுத்து பதிலீடு, பிறகு பொறியியல் கட்டுப்பாடு, பிறகு நிர்வாகக் கட்டுப்பாடு, கடைசியில்தான் தற்காப்பு உபகரணம்.

இந்தப் படிநிலையைக் கற்பிக்க நம் தோட்டங்களின் கதையைவிட நல்ல பாடம் கிடைக்காது. 'மருந்தடிக்கிற' வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நம் அம்மாக்களும் பாட்டிகளும். அவர்கள் முதுகில் சுமந்த களைக்கொல்லிகளில் ஒன்று பாரகுவாட். உள்ளே போனால் அதற்கு முறிமருந்தே கிடையாது. தெனாகானித்தா அமைப்பும் பான் ஆசிய பசிபிக் அமைப்பும் தோட்டங்களில் பூச்சிக்கொல்லி நச்சு பற்றி 2002-இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டன. அதே ஆண்டில் பாரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது. 2006-இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்.

இதைப் படிநிலையில் வைத்துப் பாருங்கள். "மாஸ்க் போட்டியா?" என்று கேட்பது கடைசிப் படி. வெயிலிலும் புழுக்கத்திலும் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியுமா என்பது தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பாரகுவாட்டை நிறுத்திவிட்டு நச்சு குறைந்த வேறு மருந்துக்கு மாறுவது பதிலீடு. மருந்தே இல்லாமல் களையை வெட்டினால் அந்த ரசாயன ஹஸாட் நீங்கிவிடும், ஆனால் கத்தி புது ஹஸாட்டாக வந்து நிற்கும். இந்த நுணுக்கத்தோடு எழுதும் மாணவருக்கு எந்தத் திருத்துநரும் புள்ளி குறைக்க மாட்டார்.

சட்டத்தின் அமைப்பும் இதைத்தான் சொல்கிறது. 15-ஆம் பிரிவு முதலாளியின் கடமை: பாதுகாப்பான இயந்திரமும் வேலை முறையும், ரசாயனத்தைக் கையாளும் ஏற்பாடு, தகவல், பயிற்சி, மேற்பார்வை. தொழிலாளியின் கடமை பிறகு 24-ஆம் பிரிவில் வருகிறது: தன்னையும் பிறரையும் பற்றி நியாயமான கவனம், ஒத்துழைப்பு, கொடுத்த உபகரணத்தை அணிதல். சட்டப்படி கொடுக்க வேண்டிய உபகரணத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பினால், முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காத நிலையில், அங்கிருந்து விலகும் உரிமையைத் தருகிறது திருத்தத்தில் வந்த 26ஏ. 'பொறுப்பு யாருடையது?' என்று கேட்டால் 'இருவருடையதும்' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகக் கூடாது. யாருக்கு எது என்று பிரித்து எழுத வேண்டும்.

வினா தயாரிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை

குறை மாணவரிடம் மட்டும் இல்லை. மாதிரித் தாள் தயாரிக்கும் நம்மிடமும் மூன்று பழக்கம் மாற வேண்டும்.

ஒன்று, இரட்டை எதிர்மறை. 'பின்வருவனவற்றுள் பாதுகாப்பற்றது அல்லாதது எது?' என்று கேட்டால் நாம் சோதிப்பது பாதுகாப்பு அறிவை இல்லை. 'தவிர' என்ற சொல் வந்தே ஆக வேண்டும் என்றால் அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இரண்டு, ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்வி. 'காரணம், விளைவு, தடுக்கும் வழி ஆகியவற்றை விளக்குக (6)' என்பதை (அ), (ஆ), (இ) என்று பிரித்துப் புள்ளி போட்டால் என்ன குறைந்துவிடும்?

மூன்று, விடையை உள்ளே ஒளித்து வைத்த வினா. 'தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துகளுக்கு முதன்மைக் காரணம். விளக்குக.' இதன் வேர் 1931-இல் வந்த ஹைன்ரிக்கின் நூல். விபத்துகளில் 88 விழுக்காடு பாதுகாப்பற்ற செயலால், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலால், 2 விழுக்காடு தவிர்க்க முடியாதவை என்ற அவருடைய கணக்கு இன்றும் நோட்டுகளில் ஓடுகிறது. அவர் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தவர். முதலாளிகள் தரப்பும் மேற்பார்வையாளர்களும் எழுதிய விபத்து அறிக்கைகளும் அவருடைய கணக்குக்கு அடிப்படை. அறிக்கை எழுதியவர் யார் மேல் பழி போட்டிருப்பார் என்று யோசித்தாலே அந்த எண்ணின் பலவீனம் தெரியும். பாதுகாப்புத் துறையினரே அதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். வரலாறாகச் சொல்லிக் கொடுங்கள், உண்மையாக மனனம் செய்யச் சொல்லாதீர்கள். வினாவை இப்படி மாற்றலாம்: 'ஒரு விபத்துக்குத் தொழிலாளியின் செயலும் வேலைச் சூழலும் எவ்வாறு காரணமாகலாம்? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.'

வகுப்பில் செய்து பாருங்கள்

ஒரு தாளை எடுங்கள். விடை எழுதச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வினாவிலும் நான்கு விஷயத்தை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள்: எதைப் பற்றி, என்ன செய்யச் சொல்கிறது, எண்ணும் எல்லைச் சொல்லும் எவை, யார் செய்ய வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ளவரோடு மாற்றிப் பார்க்கட்டும். 'யார்' என்பது வினாவில் இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுதட்டும். அப்படிப்பட்ட வினாக்களில் முதலாளியின் கடமையையும் தொழிலாளியின் கடமையையும் தனித்தனியே தொட்டு எழுதுவது பாதுகாப்பானது.

இதையெல்லாம் வெறும் புள்ளிக் கணக்குக்காகச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் நாளைக்கு மெங்லெம்புவிலோ சிலிபினிலோ ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக நிற்பார்கள். யாருக்காவது விரல் போனால் அறிக்கை எழுதப் போவது அவர்கள்தான். "கவனக்குறைவு" என்று ஒரே வரியில் முடிப்பார்களா, இல்லை இயந்திரத்துக்குக் காப்பு இருந்ததா, பயிற்சி கொடுத்தார்களா என்று கேட்பார்களா? அந்தப் பழக்கம் தேர்வுத் தாளைப் படிக்கும்போதே வர வேண்டும்.